பழசு முன்னாடி, புதுசு பின்னாடி

மார்ச் 4, செவ்வாய்

கொண்டைக்கடலை என்று நம்பித் திறந்த டப்பாவில் அன்னாசிப்பழம். வெங்காயம், தக்காளி எல்லாம் வதக்கியாச்சு. கரண்டியும் கையுமாக நிற்கிறேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, தேதி முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்கிறார். மனுஷனுக்கு அதுதான் கவலை!

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் நானே நம்பமாட்டேன். டப்பா மேல் ஒட்டியிருக்கிற காகிதத்துக்கு அடியில் கரப்பான் முட்டை வைக்கிறதாம். ஒரே ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த டப்பா வாங்கினாலும் வெந்நீரில் போட்டுக் காகிதத்தை உரித்து, மூடியில் தேதியை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி அடுக்குகிறார். எப்போது கெட்டுப்போகும் என்று தெரியும். எது கெட்டுப்போகும் என்று தெரியாது.

பெயரையும் சேர்த்து எழுதினால் கை தேய்ந்துவிடுமா என்று கேட்டேன். "பேரைப் பார்த்தா உனக்குப் பிடிச்சதை எடுப்பே. தேதியைப் பார்த்துத்தான் எடுக்கணும். சந்தேகமா இருந்தா குலுக்கிப் பாரு, சத்தத்துலயே தெரியும்."

லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். மோட்டார் சத்தத்தில் கோளாறு கண்டுபிடிக்கிறவருக்குக் கடலை எம்மாத்திரம்.

மார்ச் 9, ஞாயிறு

டப்பா மாற்றும் நாள். சின்ன அறை முழுக்க, தரையிலிருந்து ஜன்னலை மறைத்து மேலே வரை டப்பா. பின்னால் இருப்பதை எடுத்து, தேதி பார்த்து, முன்னால் வைத்து, புதிதாக வாங்கினதைப் பின்னால் தள்ளி... "பழசு முன்னாடி, புதுசு பின்னாடி." காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டு இருக்கிறார். இந்த வீட்டில் புதுசு என்று ஒன்றைச் சாப்பிட்டதே இல்லை. புதுசு பழசாகும்வரை காத்திருந்து அப்புறம் சாப்பிடுகிறோம்.

எல்லாம் அந்தப் புயலால் வந்தது. ரோடு துண்டித்து நாலு நாள் பிஸ்கட்டை வைத்து ஓட்டினோம். சரி, பயம் இருக்கும். அதற்காக ஓர் அறையையே தாரை வார்ப்பதா?

மத்தியானம் சின்னவள் போன் பண்ணினாள். என் தங்கை. அவள் புருஷன், அந்த ஆள், வெளியே போனால்தான் போன் பண்ணுவாள். குரலே சரியில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விட்டெறிந்தானாம். கிளம்பி வந்துவிடுடி என்றேன், எத்தனையாவது முறையோ. சிரிக்கிறாள். "அங்க எங்கக்கா இடம்? டப்பா மேலயா படுக்கிறது?"

சாக்குதான். எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் சொன்னதும் பொய்யில்லையே. ஹாலில் படுக்க வைத்தால் விருந்தாளி மாதிரி ரெண்டு நாளில் திரும்பிப் போய்விடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்காவது அவளுக்கு ஓர் அறை வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

அறையைக் காலி பண்ணுங்க என்று கேட்டேன்.

"அவ வரட்டும். வந்தா அரை மணி நேரத்துல காலி பண்ணிடறேன்."

"இடம் இருந்தாத்தாங்க வருவா!"

"வராமலே எதுக்குக் காலி பண்ணணும்?"

சுவரோடு பேசியிருந்தால் தொண்டையாவது மிச்சமாகியிருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

வீடே நாறிப்போனது. எலி செத்துக் கிடக்கிறது என்று நான், இல்லை சாக்கடை என்று இவர். கடைசியில் அடிவரிசையில் ஒரு டப்பா உப்பி வெடித்துக் கிடந்தது. மீன். தேதி முடிந்து எத்தனையோ மாசம். இவர் கையால் எழுதிய தேதி, இவர் கையால் அடுக்கியது. முகத்தைப் பார்க்கணுமே! நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கழுவுவதற்காக எல்லாவற்றையும் ஹாலுக்குக் கொண்டுவந்தோம். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த ஜன்னலைத் திறந்தேன். வெயில் தரை வரைக்கும் வந்தது. நல்ல அறை. ஒரு கட்டில், ஒரு மேசை தாராளமாய்ப் போடலாம்.

"இப்படியே விட்டுடுங்களேன், கெஞ்சிக் கேக்கறேன்" என்றேன். நிஜமாகவே கெஞ்சினேன். ஈரம் காயட்டும் என்றார்.

மார்ச் 17, திங்கள்

ஈரம் காய்ந்தது. டப்பாக்கள் உள்ளே போய்விட்டன. நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பிவந்து பார்த்தால் பழையபடி ஜன்னல் இல்லை.

பேசவில்லை.

மார்ச் 19, புதன்

இன்னும் பேசவில்லை. அவரும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நல்ல பிள்ளையாய் இருக்கிறார். என்ன குழம்பு வைத்தாலும் "நல்லா இருக்கு" என்கிறார். எரிச்சலாய் வருகிறது.

மார்ச் 22, சனி

ஆத்திரம் தாங்கவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். என் போனை இவர் எடுத்தார். சின்னவள். அந்த ஆள் அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போயிருக்கிறான். நேற்றுக் காலையிலிருந்து! வீட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. சமையலறையையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், படுபாவி. அவள் என்னிடம் சொல்லக்கூடக் கூப்பிடவில்லை, "அக்கா இருக்காளா, சும்மாதான்" என்று ஆரம்பித்தாளாம். இவர்தான் குரலைக் கேட்டு விடாமல் கேட்டிருக்கிறார்.

நான் ஓடிவந்தபோது இவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் எப்போதும் பேசுகிற அதே குரல், அதே வார்த்தை. "பயப்படாதம்மா. கதவுகிட்ட நிக்காதே, தள்ளி உட்காரு. வந்துட்டேன்."

கருவிப் பையை எடுத்தார். நானும் பைக்கில் ஏறினேன். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அஞ்சு நாளாய்ப் பேசாமல் இருந்ததும் இதுவும் ஒன்றில்லை.

கதவைக் கீல் பக்கமாகக் கழற்றினார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது, கதவுதான் இல்லை. சின்னவள் சுவரோரம், சொன்ன மாதிரியே தள்ளி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ரெண்டு நாள்தான்க்கா" என்றாள்.

ரெண்டு நாளாம்! அவளைக் கட்டிக்கொண்டு அழுவதா, ரெண்டு அறை விடுவதா?

மார்ச் 23, ஞாயிறு

அரை மணி நேரத்தில் காலி பண்ணுகிறேன் என்றவர் காலையிலிருந்து உருட்டுகிறார். டப்பாவைக் கொண்டுபோய் வைக்க வேறு இடம் ஏது? எங்கள் கட்டிலடி, பீரோ மேல், வாஷிங் மிஷின் பின்னால்... அப்புறமும் ஒரு குவியல் மிச்சம். தூக்கிப் போடுங்கள் என்று நான் வாயைத் திறக்குமுன் பரணிலிருந்து ஒரு பழைய கதவை இறக்கினார். டப்பாக்களை ரெண்டு அடுக்காக வரிசை வரிசையாய் நிறுத்தி, அதன் மேல் கதவைப் போட்டு, மெத்தையை விரித்தார். மேலே ஏறிக் குதித்துக் காட்டினார். அசையவில்லை.

"ஓரத்துல இருக்கிறதெல்லாம் பழசு. நான் கதவைத் தூக்கிப் பிடிச்சா நீ உருவிடலாம். புதுசை நடுவுல தள்ளிக்கலாம்." இப்போதும் அதை விடவில்லை!

சின்னவள் கதவோரம் நின்று பார்த்தாள். "நான் சொன்னது சும்மா பேச்சுக்கு மாமா. நிஜமாவே டப்பா மேல படுக்க வச்சுட்டீங்களே" என்றவள் சிரிக்க ஆரம்பித்து, அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி சிரித்தாள். இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஜன்னல் திறக்கும்" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அந்த ஆள் வந்தான். கீழேயே நின்று கத்தினான். இவர் இறங்கிப் போய் என்ன பேசினாரோ, போய்விட்டான். சின்னவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்த ஒரு கதவு இருந்தது. நான் தட்டவில்லை.

சாயங்காலம் வெளியே வந்து, "அடுத்த வாரம் போயிடறேன்க்கா" என்றாள். எங்கே என்று கேட்டேன். சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம். கட்டில் ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. ஓரத்தில் இருந்ததையெல்லாம் தின்று தீர்த்தாயிற்று. ராத்திரி உருண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறாளாம். புது டப்பா வாங்கட்டுமா என்று இவர் என்னைக் கேட்கிறார், அவளைக் கேட்கவில்லை. வேண்டாம், அவளாகச் சொல்லட்டும் என்றேன். நாங்கள் வாங்கிப் போட்டால் இரு என்று கட்டிப்போட்ட மாதிரி. வாங்காவிட்டால் போ என்ற மாதிரி. ஒரு டப்பாவுக்கு இவ்வளவு யோசனையா! எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஜூன் 1, ஞாயிறு

சின்னவள் போன மாசம் சேர்ந்த பேக்கரி வேலை முடிந்து வர நேரமாயிற்று. நல்ல கனமாக ஒரு பை. நேரே சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்தாள். பையிலிருந்து டப்பாக்களை எடுத்து ஒவ்வொன்றாய் நீரில் போட்டுக் காகிதத்தை உரித்தாள். பேனாவால் மூடியில் தேதி எழுதினாள். இவருடைய அதே கொட்டை எழுத்து. கடவுளே, இன்னொன்றா?

"மாமா, கொஞ்சம் கதவைத் தூக்கிப் பிடிங்க."

இவர் தூக்கிப் பிடித்தார். அவள் மண்டி போட்டு, பழசை ஓரத்துக்கு இழுத்து, புதுசை நடுவில் தள்ளினாள். கட்டில் நேராயிற்று.

ஒரு டப்பாவை எடுத்துத் தேதி பார்த்தேன். அடுத்த வருஷத்துக்கும் அடுத்த வருஷம். குலுக்கிப் பார்த்தேன். கொண்டைக்கடலை என்றுதான் தோன்றுகிறது.