அழுகைச் சத்தம் பற்றி

என்னங்க,

சமூக உளவியல் பரீட்சைக்குக் கிளம்பிட்டேன். வர ஆறு மணியாகும். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சுட வச்சுக்குங்க. நாலு மணிக்கு சமையலறைக் குழாயைப் பார்க்க ஆள் வருவார். பின்கதவுச் சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி.

நேத்து சாயங்காலம் நீங்க நான் படிக்கிற ரூம் கதவைத் தட்டி, "பாடத்தோட சத்தத்தைக் கொஞ்சம் குறையேன், யாரோ அழுதுக்கிட்டே இருக்காங்க"ன்னு சொன்னீங்க. நானும் சரின்னுட்டேன். அப்போ பாடம் முடிஞ்சு அரை மணி நேரம் ஆகியிருந்தது. அழுதது நான்.

ஆன்லைன் வகுப்புல முப்பத்தெட்டு பேர். ஒருத்தர் முகமும் தெரியாது, எல்லாம் கறுப்புக் கட்டம். ஒருத்தர் தவிக்கறப்போ நாலு பேர் கூட இருந்தா, அடுத்தவன் உதவுவான்னு யாரும் எழுந்திரிக்க மாட்டாங்களாம். நேத்துப் பாடம் அதுதான். நம்ம வீட்டுல இருக்கறதே ரெண்டு பேர். நீங்க யாரை நம்பி உட்கார்ந்திருந்தீங்க?

கோபத்துல எழுதலை. பரீட்சைக்கு இதையெல்லாம் படிச்சுப் படிச்சு இப்படி ஆயிட்டேன்.

குழாய்க்காரர் போகறதுக்கு முன்னாடி ஒருவாட்டி திறந்து பார்த்துக்குங்க.

இன்னொண்ணு, எழுத இடமில்லை. இனிமே பாடத்தை ஹெட்போன்லதான் கேட்பேன். அந்த ரூம்லேருந்து என்ன சத்தம் வந்தாலும் அது நான்தான்.