கிளிப்பைக் கழற்றச் சொன்னது நான்

ஆகஸ்ட் 4, திங்கள்
நான் வேலை பார்க்கும் பால் சங்கத்தில் இன்வெர்ட்டர் பழுது. பேட்டரியைத் தனி சார்ஜரில் போட்டிருக்கிறோம். மெக்கானிக் சுருளிராஜன் இரண்டே விஷயம் சொன்னார்: சார்ஜ் ஏறும்போது ஜன்னல் திறந்திருக்கணும், சுவிட்சை அணைத்த பிறகுதான் பேட்டரியில் மாட்டிய கிளிப்பைத் தொடணும். காற்றில் ஒரே புழுதி. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 5
மாயக்கா—சங்கத்தில் கூட்டிப் பெருக்கி, கேன் கழுவுகிறவர்—பேட்டரி அறையைக் கூட்டப் போனார். நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தபடியே, "அக்கா, அந்தக் கிளிப்பக் கழட்டி விட்ருங்க" என்றேன். சுவிட்சை அணைக்கவில்லை. அடைத்த அறையில் பேட்டரி வாயு தேங்கியிருந்திருக்கிறது. ஒரு பொறி. பேட்டரியின் மேல்பக்கம் வெடித்து, ஆசிட் அவர் முகத்தில்.
கேன் கழுவும் குழாயடியில் தலையைப் பிடித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கத்தவில்லை. "விட்றாத பாப்பா" என்றார்.

ஆகஸ்ட் 6
யார் கழற்றச் சொன்னது என்று செயலாளர் ஞானதுரை கேட்டார்.
"அவுகளாத்தான் தொட்டாக, சார்."
ஏன் அப்படிச் சொன்னேன்? எழுதிக்கொண்டு நீட்டினார். கையெழுத்தும் போட்டேன்.

ஆகஸ்ட் 9
தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாயக்காவுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண் மங்கல். அதுவும் உடனே தண்ணீர் விட்டதால்தான் மிஞ்சியதாம். அவர் கணவர் ராக்கையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் இல்லேன்னா ரெண்டும் போயிருக்கும், ஆத்தா."
மாயக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

ஆகஸ்ட் 12
தெருவே புகழுது. எம் பொண்ணு அப்ரின் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு அம்மா வீடு வீடாச் சொல்லிட்டு வருது. நான் உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டேன்.

ஆகஸ்ட் 18
மாயக்கா தானாகத் தொட்டதால் சங்கத்துக்குப் பொறுப்பில்லையாம். அவர் இடத்துக்கு வேறு ஆள் தேடுகிறார்கள்.

ஆகஸ்ட் 19
சொல்லிவிட்டேன். முதலில் ஆஸ்பத்திரியில் மாயக்காவிடம். நான் பொய் சொல்லிட்டேன்க்கா என்றேன்.
"தெரியும். செயலாளரு இங்கன வந்தாக. நீதான் கழட்டச் சொன்னன்னு சொன்னேன். படிச்ச பிள்ள பொய் சொல்லுமான்னு கேட்டுட்டுப் போய்ட்டாக."
திட்டியிருந்தால் தேவலை.
நேராகச் சங்கத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடும், யோசித்தாயா என்றார் ஞானதுரை. யோசிக்காமலா இரண்டு வாரம் கிடந்தேன்?

செப்டம்பர் 15
என்னை நிறுத்திவிட்டார்கள். மாயக்காவுக்கு வேலை உண்டு, வைத்தியமும் சங்கம் பார்க்கும். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்
காலையில் மாயக்கா வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மதுரையில் கண் டாக்டரைப் பார்க்கணுமாம். ராக்கையாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை.
"பஸ்ஸு போர்டு தெரிய மாட்டேங்குது. நீ வந்து வாசி."
கிளம்பினேன். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில், வருகிற பஸ்ஸையெல்லாம் சத்தமாக வாசித்தேன். கம்பம். போடி. தேவாரம். மதுரை வந்தது. படியில் கால் வைக்குமுன் நின்றார்.
"சரியாப் பாத்தியா?"
பஸ்ஸின் முன்பக்கம் போய் மறுபடி பார்த்துவிட்டு வந்து சொன்னேன். அதன் பிறகே ஏறினார்.