அறுநூறு மீட்டரில் அரைச் சாண்

மார்ச் 3

காலை முழுக்க டாக்டர் மகனின் ரைஃபிளில் குறிபார்க்கும் புது ஸ்கோப்பை, மேலே சின்னக் குமிழி மட்டத்தோடு, பூட்டினேன். ரைஃபிள் கிளப்பில் அவனுக்குச் சின்ன டாக்டர் என்று பெயர். படிப்பு இரண்டு தடவை ஊற்றிக்கொண்டது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. பிறகு அதே மேசையில், அதே மாதிரி மட்டம் பார்த்து, கிளப்பின் பழைய ரைஃபிளில் எனக்கும் ஒன்று பூட்டினேன். இருபத்தொன்றாம் தேதி தேர்வு. அணியில் இருப்பது ஒரே இடம். இங்கே அறுநூறு மீட்டர் சுடுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது செயலாளர் சொன்னது: "ஆயுத அறையில வேலை பாக்குறவங்க சுடக்கூடாதுன்னு விதி இல்ல. அதான் போடறேன்." விதி இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவு நிம்மதி.

மார்ச் 7

நூறு மீட்டரில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டை. அறுநூறுக்கு ஸ்கோப்பின் உயரத் திருகை ஏற்றிச் சுட்டால் எல்லாம் வலது பக்கம் அரைச் சாண் தள்ளிப் போகிறது. காற்றுதான் என்றார் செயலாளர். சின்ன டாக்டருக்கும் அப்படியே. அவனும் காற்றைத் திட்டினான். அவன் திட்டினால் அனுபவம், நான் திட்டினால் சாக்கு.

மார்ச் 8

மறுபடி வலது.

மார்ச் 12

இன்று மைதானத்துக் கொடிகள் பிழிந்து போட்ட துணி மாதிரி தொங்கின. ஓர் இலை அசையவில்லை. அப்போதும் வலது, அரைச் சாண். எந்தக் காற்று? இத்தனை நாளும் இல்லாத ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேனா?

மார்ச் 13

நூறு மீட்டரில் இலக்குத் தாளுக்கு மேலே, கொத்தனார் சுவருக்குப் பார்ப்பது போல, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். நூலை ஒட்டிக் கோடு போட்டேன். கோட்டின் அடியிலேயே குறிவைத்து, திருகை மட்டும் ஏற்றி ஏற்றி ஐந்து குண்டு. எல்லாம் கோட்டோடு ஏற வேண்டும். ஒரு முழம் ஏறுவதற்குள் ஒரு விரல் வலது பக்கம் சாய்ந்துவிட்டன. ஸ்கோப் சாய்ந்திருக்கிறது, அதன்மேல் நான் பூட்டிய குமிழி மட்டும் எல்லாம் நேர் என்கிறது.

ஓடிப்போய் ரசமட்டத்தை மேசைமேல் வைத்தேன். குமிழி ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. போன மாதம் அறைக்குப் புதுத் தரை போட்டார்கள், கழுவினால் தண்ணீர் வடியச் சரிவு வைத்து. மேசை அந்தச் சரிவில் நிற்கிறது. ஸ்கோப்பை மேசைக்கு நேராக வைத்து, குமிழியை நடுவில் நிறுத்தித்தான் முடுக்கினேன். மேசையை யார் பாத்தது? புத்தி எங்க போச்சு உனக்கு?

மார்ச் 14

என்னுடையதைச் சரிசெய்துவிட்டேன். அறுநூறில் நடு.

அவனுடையது? அதையும் பூட்டியது என் கைதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. காற்று என்றே நினைத்துத் தோற்பான்.

ஆஸ்பத்திரிச் சலவையறையிலிருந்து அம்மா வந்ததும் சொன்னேன். "நீ தோத்தா அவன் வந்து கண்ணத் தொடைப்பானா? வாய மூடிக்கிட்டுச் சுட்டுட்டு வா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உன்னால முடியாதுன்னு தெரியும். அதான் திட்டறேன்."

மார்ச் 15

சொல்லிவிட்டேன். சின்ன டாக்டர் முதலில் சிரித்தான்.

"ட்ரயலுக்கு ஆறு நாள் இருக்கு. இப்ப வந்து ஸ்கோப்பக் கழட்டணும்ங்கற. நான் என்ன பச்சப் புள்ளையா?"

"நான் தொடவே மாட்டேன். நூல் அங்கயே தொங்குது. நீங்களே அஞ்சு குண்டு சுட்டுப் பாருங்க."

"உன் வேலையப் பாரு."

இதுதாண்டா என் வேலை. அங்கே சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

சாயங்காலம் செயலாளர் கூப்பிட்டார். டாக்டர் போன் செய்தாராம். இனிமேல் அவன் ரைஃபிள் பக்கம் நான் போகக் கூடாதாம். தப்பு செய்தபோது ஒருத்தரும் கேட்கவில்லை. ஒப்புக்கொண்டதும் கையைக் கட்டுகிறார்கள்.

மார்ச் 18

குப்பைத் தொட்டியில் ஓர் இலக்குத் தாள். கோட்டை விட்டுச் சாய்ந்து ஏறும் ஐந்து ஓட்டை. என் தாள் என் பையில் இருக்கிறது. ஆக, வந்து சுட்டிருக்கிறான்.

மார்ச் 21

அவன் 575. நான் 573.

மூன்று சுற்று வரை நான்தான் முன்னால். கடைசிச் சுற்றில் குண்டுகள் வலது பக்கம் போக ஆரம்பித்தன. மனசு உடனே ஸ்கோப்புக்கு ஓடியது — அசைந்துவிட்டதா, குமிழியா, நான் சரியாக முடுக்கவில்லையா. நாலு குண்டு போன பிறகுதான் தலையைத் தூக்கிக் கொடியைப் பார்த்தேன். இடது பக்கமிருந்து நல்ல காற்று. நிஜக் காற்று. பக்கத்தில் படுத்திருந்தவன் எப்போதோ திருத்திக்கொண்டுவிட்டான்.

மார்ச் 22

வாயை மூடியிருந்தால் ஜெயித்திருப்பாய் என்கிறாள் அம்மா. இருக்கலாம். அவன்மேல் கோபப்படத்தான் பார்க்கிறேன். அந்த நாலு குண்டு குறுக்கே வந்து நிற்கிறது.

மார்ச் 27

சின்ன டாக்டர் ரைஃபிளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். போட்டிக்குப் போகும் முன் ஒரு தடவை நூலில் பார்த்துத் தர வேண்டுமாம். செயலாளரிடம் சொல்லிவிட்டானாம். குப்பையில் கிடந்த தாளைப் பற்றிப் பேச்சில்லை.

"மத்தியானம் வாங்க. இப்ப நான் மைதானத்துக்குப் போகணும்" என்றேன்.

"எந்த மெம்பருக்கு?"

"எனக்கு."

ரைஃபிளை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

அறுநூறில் போய்ப் படுத்தேன். முதல் குண்டுக்கு முன்னால் கொடியைப் பார்த்தேன். பக்கவாட்டுத் திருகை இடது பக்கம் ரெண்டு க்ளிக் வைத்தேன்.