சும்மா ஒரு கையெழுத்து

ஜூன் 9, திங்கள்
வெயில் தாங்கவில்லை. காலை ஷிப்ட். சிப்காட் சாலையில் லாரி நெரிசல், பத்து நிமிடம் தாமதம். லேப் இன்சார்ஜ் முறைத்தார்.
பேங்க் கடிதம் வாங்கியாயிற்று. கனடா விண்ணப்பத்துக்குக் காட்ட வேண்டிய பணம் முழுசாக இருக்கிறது. ஆனால் பாதி, ஜனவரியில் அண்ணன் ஒரே நாளில் போட்டது. கடன் வாங்கிய பணம் செல்லாது. ‘இது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம்’ என்று அவன் எழுதித் தர வேண்டும். இருபதாம் தேதி கடைசி.

ஜூன் 10, செவ்வாய்
லீவு போட்டு ஊத்துக்கோட்டை, அண்ணன் வீடு. நானே எழுதிக் கொண்டுபோன கடிதத்தை அவன் படிக்கக்கூட இல்லை.
“இப்ப இன்னா அவசரம்? நாளைக்குப் பாக்கலாம் போ.”
அப்பா நிலத்தில் என் பங்கை எழுதி வாங்கிய அன்று இதே வாய்தான், “சும்மா ஒரு கையெழுத்துதான் பாப்பா” என்றது. அதற்குக் கொடுத்த பணம்தான் இது. பத்திரத்தில் மட்டும் நான் பணம் வாங்காமல் பிரியப்பட்டு விட்டுக்கொடுத்ததாக இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி
மூன்று முறை போன். அண்ணிதான் எடுத்தாள். “அவரு ஊட்ல இல்ல.” பின்னால் அவன் இருமல்.
அம்மா: “அவன பகைச்சிக்காதடி.”
வாங்க வேண்டியது: கொசுவத்தி, ரீசார்ஜ், செருப்பு.
இன்னும் ஏழு நாள். விடமாட்டேன் இவனை.

ஜூன் 16, திங்கள்
செக்யூரிட்டி வந்தார். “உங்க அண்ணனாம். கேட்டாண்ட நின்னுக்கினு கீறாரு.”
அம்மாவுக்குப் போன் போட்டால், அண்ணன் நிலத்தை விற்கிறானாம்; வாங்குபவரின் வக்கீல் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டாராம். கிணறு இருக்கும் துண்டின் சர்வே நம்பர் பத்திரத்தில் விட்டுப்போயிருக்கிறது. நான் மறுபடி கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது.
ஷிப்ட் முடியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று மணி நேரம் வெயிலில் நின்றான். கேன்டீனில் இரண்டு டம்ளர் மோர் குடித்தேன். பாவமாகவே இல்லை.
வெளியே போய் என் கடிதத்தை நீட்டினேன். பைக் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.
“நாளைக்குக் காலையில ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்துடு பாப்பா. சும்மா ஒரு கையெழுத்துதான்.”
தலையாட்டினேன்.

ஜூன் 17, செவ்வாய்
லேசான தூறல். கடிதத்தைச் சேர்த்து நேற்றே விண்ணப்பம் அனுப்பியாயிற்று. இன்று வழக்கம்போல் வேலை.
மதியம் சாப்பிடும்போது அம்மா போன். “காலையிலேர்ந்து ஆபீஸ் வாசல்லயே குந்திக்கினு கீறான்டி. எப்ப வர்றேன்னு கேக்கறான்.”
வாயில் இருந்ததை மென்று முழுங்கினேன்.
“நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லும்மா.”