அலாரம் எனக்குக் கேட்டது

அன்பு மகனே,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். எனக்குக் காது போய்விட்டது என்று உன் சித்தி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீயும் நம்பிவிட்டாய் போலிருக்கிறது. போன முறை தொலைபேசியில் அப்படிக் கத்தினாய். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. மாடி வீட்டில் ஊசி டப்பாவைத் தவறவிட்டால் எத்தனை ஊசி விழுந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியாது.

சித்தி வந்திருந்த அன்று நான் காதுமூடி போட்டிருந்தது உண்மை. இயந்திரம் ஓடும்போது பல் கூசுகிற மாதிரி ஒரு ரீங்காரம் வரும். அதற்காக உன் மனைவி வாங்கிக் கொடுத்தது. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் நான் அதைக் கழற்றவில்லை. சித்தி பேசிக்கொண்டிருந்தாள், அதுதான் காரணம்.

இன்னொரு பேச்சும் உலவுகிறது: மருமகள் என்னை வேலைக்காரி மாதிரி நடத்துகிறாளாம். என்னை யாரும் வேலை வாங்க முடியாது. உன் அப்பாவாலேயே முடியவில்லை.

நீ அந்த இயந்திரத்தைப் பார்த்ததில்லை, நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்தது. உன் மனைவி வேலை பார்த்த பல் மருத்துவமனையை மூடியபோது டாக்டர் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஒரு சின்னப் பெட்டிக்குள் எஃகுத் தொட்டி. வெந்நீரும் சோப்புக் கரைசலும் ஊற்றி, கம்பிக் கூடையில் சாமானை வைத்து இறக்கினால், அந்த ரீங்காரத்துக்கும் மேலே, காதுக்கு எட்டாத ஒலி ஒன்று தண்ணீரை உலுக்கி, ஊசி நுழையாத துளைக்குள் இருக்கிற அழுக்கையும் வெளியே தள்ளிவிடும். அதில் பல் மருத்துவரின் கொறடுகளைக் கழுவினவள் இப்போது மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர்களைக் கழுவுகிறாள். தெருமுனை மெக்கானிக் கொண்டுவந்து கொடுக்கிறான். முன்பெல்லாம் எந்த அடைப்பையும் கம்பியால் குத்திக் குத்தி, துளையையே பெரிதாக்கி வைப்பான். அதனால் அவனுக்கு ஊசி என்றே பெயர்.

கழற்றுவதும் மாட்டுவதும் அவள் வேலை. மிதவை, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, உலோகத்தை மட்டும் தொட்டியில் இறக்குவதும், எடுத்து அலசுவதும், பித்தளைத் துணுக்குகளை வெளிச்சத்தில் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பார்ப்பதும் என் வேலை. ஒரு தட்டில் ஒரு வண்டியின் சாமான்தான் இருக்கவேண்டும் என்பது என் சட்டம். ஊசி ஒருநாள் இரண்டு வண்டிச் சாமானை ஒரே பையில் கொட்டிக்கொண்டு வந்தான். வாசலிலேயே நிறுத்தி வைத்தேன். "கான்வென்ட் அம்மா பெஞ்சு மேல ஏத்தாம விட்டாங்களே, அதுவே பெரிய விஷயம்" என்று என்னைப் பற்றி உன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனானாம். அதைச் சொல்லி அவள் சிரித்தபோதுதான், அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று எனக்கு உறைத்தது.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்ப் பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. இப்போதெல்லாம் இப்படித்தான். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. மடித்த துணியை மறுபடி மடிக்கிறேன். வயது காரணமில்லை. காரணத்தைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

போன மாதம் நீ பேசிய அன்று உன் மனைவி ஊசியின் கடைக்குப் போயிருந்தாள். தொட்டியில் ஒரு கார்புரேட்டர் கிடந்தது. இயந்திரத்தில் நேரம் வைக்கிற குமிழ் பழுது. அதனால் என் அலாரம் கடிகாரத்தை வைத்துத்தான் வேலை நடக்கிறது. அது அடித்தவுடன் சாமானை எடுத்துவிட வேண்டும். நேரம் தப்பினால் அந்தக் கரைசல் அலுமினியத்தைக் கறுக்கடித்துவிடும்.

நீ சம்பளம், வேலை, குளிர் என்று பேசிக்கொண்டிருந்தாய். அப்போது உன் பக்கத்தில் ஒரு பெண் குரல், "தண்ணி ஆறிடும், குளிச்சிட்டு வந்து பேசுங்களேன்" என்றது. நீ கையால் பொத்திக்கொண்டு, "இதோ வரேன், நீ சாப்பிடு" என்றாய். பிறகு என்னிடம், "டிவிம்மா" என்றாய். நான் ஒன்றும் கேட்காதபோதே சொன்னாய். டிவியில் வருகிறவர்கள் உன்னை வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்தக் குரல் பேச்சைத் தொடங்கும்போதே அப்படித்தான் கூப்பிட்டது. அந்தப் பெயர் சொல்லி உன்னைக் கூப்பிடுகிற பெண்கள் உலகத்தில் இரண்டு பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலாரம் அப்போதுதான் அடித்தது. எனக்கு அது கேட்டது. அடித்து ஓயும்வரை முழுவதும் கேட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

உன் மனைவி வந்தபோது கார்புரேட்டர் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. வீடு வீடாகச் சாமான் கொண்டு கொடுக்கிறவரின் வண்டி. அன்று மாலையே வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவள் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துத் துடைத்துவிட்டு, "என்ன அத்தை, அலாரம் கேக்கலியா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பொய் சொன்னால் முழங்காலில் நிற்க வேண்டும். இந்த முழங்கால் இனி மடங்காது என்ற தைரியத்தில்தான் சொல்லியிருப்பேன்.

அவள் பயந்துபோய் உன்னிடம் சொன்னாள். நீ சித்தியிடம் சொன்னாய். என் காது கெட்ட கதை இவ்வளவுதான். அதைத் தொடங்கிவைத்தவள் நானே.

ஆனால் அந்தக் காதைக் காட்டி நீ செய்கிற காரியம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இயந்திரத்தை விற்றுவிடு, அம்மா காதை அதுதான் கெடுத்தது, நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போ, அம்மா சித்தியிடம் இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடமோ, அடுத்த வருஷம் வந்து அவளை அழைத்துப் போகிறேன் என்கிறாய். இரண்டையும் ஒரே தொலைபேசியில், ஒரே வாரத்தில் சொன்னாய். அவள் சாமான்களைக் கட்டவில்லை. "அத்தையை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது" என்று மட்டும் கேட்டாள். அன்று முதல் இயந்திரம் ஓடாதபோதும் அந்த ரீங்காரம் எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

என்னைக் காது மருத்துவரிடம் காட்ட நாள் வாங்கியிருக்கிறாள். இருமல் என்று சொல்லி ஒருமுறை தள்ளிப் போட்டேன். இனி அடுத்த மாதம் முதல் வியாழன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஒலி கேட்டால் கை தூக்கச் சொல்வார்களாம். நான் தூக்குவேன். என் காதில் பழுதில்லை என்று மருத்துவர் சொன்னதும், அன்று அலாரம் ஏன் கேட்கவில்லை என்று அவள் யோசிப்பாள். அவள் யோசிக்கத் தெரிந்தவள். என்னைக் கேட்டால் இன்னொரு பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது என் வாயிலிருந்து அவளுக்குத் தெரியக்கூடாது. உன் பாவத்தை நான் சுமந்துபோய் அவள் மடியில் இறக்கமுடியாது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். நீ எந்த முடிவுக்கு வந்தாலும் நான் சித்தி வீட்டுக்குப் போகப்போவதில்லை. அவள் எங்கே இயந்திரத்தை வைக்கிறாளோ, அங்கே என் கடிகாரமும் இருக்கும். அவளிடம் இதை இன்னும் கேட்கவில்லை. மறுக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். நினைப்புத்தான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு துண்டு அலுமினியத் தாள் வைத்திருக்கிறேன். இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இப்படி ஒரு தாளைத் தொட்டித் தண்ணீரில் சிறிது நேரம் தொங்கவிடுவோம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், எத்தனை பொத்தல் விழுந்திருக்கிறது என்று தெரியும். இதைப் பொத்திய ஒலி காதில் விழவே இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்கு மார்பை மூடிக்கொள். நீ நன்றாக இருக்கவேண்டும் என்று கேட்காமல் நான் ஒருநாளும் படுத்ததில்லை, இந்த மாதமும்கூட.

எனக்குத்தான் காது கேட்காதே, அதனால் இனி தொலைபேசியில் பேசாதே. உன் மனைவி பெயருக்கு, உன் கையெழுத்தில், உண்மையை எழுது. அந்த வியாழனுக்கு முன்னால் அது இங்கே வந்து சேரவேண்டும். தயவுசெய்து பதில் எழுது.

உன் அம்மா