மூன்றாம் கதவில் போடாத கோடுகள்

கார்த்திகை 3, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. டிக்சன் ரோட்டு மாடியறையைக் காலி செய்தேன். பதினாறு வருஷம் இருந்த அறை. கட்டிப் பார்த்தால் இரண்டு மூட்டை. அலுமினியச் சட்டி இரண்டு, சோற்றுப் பானை, அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, அகப்பை, புளி, மிளகாய், துவரம்பருப்பு, நல்லெண்ணெய் ஒரு போத்தல், இந்த நோட்டு, பென்சில். எழுத்து வகுப்பு வாத்தியார் தினம் நாலு வரியாவது எழுதச் சொன்னார். அறுபத்தி நாலு வயதில் கற்ற எழுத்து, விட்டால் போய்விடுமாம்.

அரிவாள்மணையைப் பார்த்ததும் பஸ் கண்டக்டர் வழியை மறித்தான். "சண்டைக்கா போறீங்க, தாத்தா?" சாக்கில் சுற்றிக் காட்டியபின் ஏற்றினான்.

புக்கிட் தீமா எட்டாவது மைல். பிராணிகளை வதைக்கக்கூடாது என்று நடத்தும் சங்கத்தின் இடம். தகரக் கொட்டகை, எட்டு நாய்க்கூண்டு, பின்னால் எனக்கு ஓர் அறை. வண்டிக்காளைகளின் கழுத்துப் புண்ணைப் பார்த்து வண்டிக்காரனைக் கண்டிக்கிற வேலை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். முப்பது வருஷம் மாட்டோடு கிடந்தவன். வந்து நின்றபின் செல்லையா கிராணி வேறு சொல்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே எழுத்து வேலை முழுக்க அவர்தான். "வண்டியள் எங்கை இப்ப? எல்லாம் லொறி. நீங்கள் நாயளைப் பாத்துக்கொள்ளுங்கோ, பெரியவர்."

மூட்டையைப் பிரித்தாகிவிட்டது. திரும்பிப் போக அறையும் இல்லை.

சோறு, பருப்பு, சுட்ட கத்தரிக்காய்.

கார்த்திகை 4, சனி

மழை விட்டு விட்டு. இடி.

அடுக்களை என்பது நாலு காலும் ஒரு கூரையும். இரண்டு அடுப்பு. ஒன்றில் நாய்களுக்கான அண்டா. மாட்டு நுரையீரலும் குடலும் சந்தையிலிருந்து சாக்கில் வரும். குறுணை அரிசியோடு சேர்த்து வேகும். வாடை என் பாய் வரைக்கும். சமைப்பது அந்தோணியம்மா. கூண்டு கழுவுவதும் அவள்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். வாய் மட்டும் மூத்தது.

மற்ற அடுப்பில் என் சட்டி. பூசணிக்காய்க் கூட்டு, தேங்காய்ப்பால் விட்டு. வந்து எட்டிப் பார்த்தாள்.

"கருவாடு கிடையாது, சரி. மோருமா கிடையாது?"

"கிடையாது."

"நெய்யி?"

"கிடையாது."

"உங்க வீட்டுல பூனைகூட நிக்காது லா, அண்ணே."

பால்காரனாக இருந்தவன் பால் தொடுவதில்லை என்றால் எல்லோருக்கும் சிரிப்பு. செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து, தாயின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அது நக்கும். மடி சுரக்கும். எந்தப் பசு, எந்தக் கன்று, எந்த மாதம், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எழுத வேண்டாம்.

சாயங்காலம் போலீஸ் வண்டியில் ஒரு பெட்டை நாய் வந்தது. கறுப்பும் வெள்ளையும். கழுத்தில் சணல் கயிறு, நுனி அறுந்திருந்தது. கூண்டில் அடைத்தோம். ஐந்தாம் கதவு. வாழையிலையில் கொஞ்சம் சோறும் கூட்டும் வைத்தேன். இலையையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

கார்த்திகை 5, ஞாயிறு

சாரலில் கதவுகளில் போட்டிருந்த சாக்பீஸ் கோடுகள் அழிந்துபோயின. கிராணி தலையில் கைவைத்து நின்றார். பதிவுப் புத்தகமும் ஒழுகலில் ஊறிவிட்டதாம். முதல் கதவு நாலு, இரண்டாம் கதவு மூன்று, மூன்றாம் கதவு மூன்று, நாலாம் கதவு இரண்டு, ஐந்தாவது நேற்று வந்தது, மற்ற மூன்றும் காலி என்று சொன்னேன். அந்தோணியம்மா ஆமாம் என்றாள்.

"என்ர புத்தகத்தைவிட உங்கட மண்டை நல்லது. இனிக் கோடு போடுறது உங்கட வேலை."

காலையில் கதவுக்கு ஒரு கோடு. ஏழு கோடு வரைக்கும் சொந்தக்காரர் தேடி வரலாம். அதற்குப் பிறகு டாக்டர். வெள்ளைக்காரர், செவ்வாயும் வெள்ளியும் வருவார். எட்டுக் கதவும் நிரம்பி மேலும் ஒரு நாய் வந்துவிட்டால் ஏழு வரைக்கும் பார்ப்பதில்லை. எந்தக் கதவில் கோடு அதிகமோ, அது.

"அதுன்னா? எங்க கொண்டு போவாரு?" என்று கேட்டேன். கிராணி பின்னறையைப் பார்த்தார். சாக்பீஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த நாய்களுக்குப் பேர் வைப்பதில்லை என்று முடிவு. கதவு எண்தான் பேர். மாடுகளுக்கு வைத்ததே போதும்.

மதியம் புடலங்காய், தேங்காய் போட்டு. கோப்பி ஓ, பால் விடாதது.

கார்த்திகை 6, திங்கள்

அந்தோணியம்மா மகளுக்குப் பிரசவம். பத்து நாள் வரமாட்டாள். அண்டா என் தலையில்.

சாக்கைத் திறக்கவில்லை. காலையில் பூசணி, பருப்பு, குறுணை எல்லாம் போட்டு ஒரு அண்டா பொங்கினேன். நாலு நாய் தின்றன. ஐந்தாம் கதவு வாளியை உருட்டி உருட்டி நக்கியது. மூன்றாம் கதவு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பழுப்பு நிறம், கிழம், ஒரு காது கிழிசல். பட்டாளத்து வெள்ளைக்காரக் குடும்பம் கப்பலேறும்போது வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போனதாம். வந்ததிலிருந்து எதுவும் தின்னவில்லை. விலா எலும்பை எண்ணலாம்.

கிராணி சொன்னார்: "அதுக்கு இறைச்சி வேணும் பெரியவர். நீங்கள் சைவமெண்டால் நாயும் சைவமோ?"

மத்தியானம் சாக்கைத் திறந்தேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டி வேகவைத்தேன். ஆறவைத்துக் கையில் நீட்டினேன். ஒரு துண்டை வாங்கிக் கீழே வைத்தது, என்னைப் பார்த்தது, பிறகு எடுத்துத் தின்றது. அடுத்த துண்டுக்கும் அப்படியே. பல் அதிகம் இல்லை. ஒரு கைப்பிடி தின்ன அரை மணி நேரம்.

சாம்பல் போட்டு மூன்று முறை கை கழுவினேன். நான் பட்டினி. வேண்டுமென்று இல்லை, இறங்கவில்லை.

கார்த்திகை 7, செவ்வாய்

வெயில். முதல் கதவுக்குக் காலையில் சேர்ந்தது ஆறாவது கோடு. ஆனாலும் அதற்கு வாயில் நுரை என்று டாக்டர் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கயிறு மட்டும் கையில். இரண்டாம் கதவையும் நாலாம் கதவையும் சொந்தக்காரர்கள் வந்து கட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டு, அழைத்துப் போனார்கள்.

கிராணியிடம் கேட்டேன், மூன்றாம் கதவை நானே வைத்துக்கொள்கிறேன் என்று.

"ஏலாது. உங்களுக்கு முந்தி இருந்தவர் பதினொரு நாய் வச்சிருந்தார். அதுக்குப் பிறகு வேலையாள் ஒருத்தரும் வைக்கக்கூடாதெண்டு சட்டம்."

"வேற யாராச்சும் எடுப்பாங்களா?"

"கிழட்டு நாயை ஆர் எடுக்கிறது?"

இன்று மூன்றாம் கதவுக்கு ஐந்தாவது கோடு போட வேண்டும். போடவில்லை. மறதி இல்லை. இந்த நோட்டிலாவது உள்ளதை எழுதுகிறேன்.

கார்த்திகை 8, புதன்

ஐந்தாம் கதவுக்கு நாலு கோடு. மூன்றாம் கதவுக்கு நாலு. இது அசல் நாலு இல்லை. ஆறு.

பயற்றங்காய்ப் பொரியல், ரசம். மோர் இல்லாத குறைக்கு ரசத்தில் எலுமிச்சை. இரண்டு அடுப்பும் சேர்ந்து எரிகின்றன. என் அகப்பை அங்கே போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை.

மூன்றாம் கதவு இன்று வாலை ஆட்டியது. ஒரு முறை.

கார்த்திகை 9, வியாழன்

கோடு போடாமல் தேக்கா சந்தைக்கு பஸ் ஏறினேன். மிளகு, சீரகம், தெம்பே என்கிற சோயாக் கட்டி இரண்டு பொட்டலம் வாங்க. நாய்க்கு ஆள் தேடவும்.

பலசரக்குக் கடை நாராயணசாமி இருபது வருஷப் பழக்கம். கடைக்குப் பின்னால் கிடங்கு வைத்திருக்கிறான்.

"காவலுக்கு ஒரு நாய் இருக்கு, சாமி."

"குரைக்குமா?"

"இன்னும் குரைக்கல."

"கடிக்குமா?"

"பல்லு கம்மி."

"அப்ப கிடங்குக்கு நீங்களே வந்து படுத்துக்கலாமே அண்ணே. சோறு மிச்சம், கறியும் கேக்க மாட்டீங்க." கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இன்னும் மூன்று இடத்தில் கேட்டேன். பழைய பால் சேக்காளி ஒருவன் தேநீர் வாங்கித் தந்தான். பால் விட்டு. தெரிந்தேதான். தொடாமல் வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் வாசலில் வண்டி. தெருநாய் பிடித்திருக்கிறார்கள். ஏழு. ஆறு நாய் காலிக் கூண்டுகளில், ஏழாவது தாழ்வாரத்தில் பெட்டிக்குள். எட்டுக் கதவும் நிரம்பிவிட்டது. நாளைக்கு வெள்ளி. இது என் மண்டையில் ஏன் அப்போதே உறைக்கவில்லை என்று தெரியவில்லை. தெம்பே நசுங்கிவிட்டதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை 10, வெள்ளி

நேற்று விட்டதையும் சேர்த்துப் போட்டு ஐந்தாம் கதவுக்கு ஆறு கோடு. மூன்றாம் கதவுக்கு, பார்த்தால் சந்தேகம் வருமே என்று ஒன்று போட்டேன். ஐந்து. அசலில் எட்டு. மற்றக் கதவுகளுக்கு ஒன்று ஒன்று.

டாக்டர் வந்து பெட்டியைப் பார்த்தார். கதவுகளின் ஓரமாக நடந்தார். விரலால் எண்ணினார். ஐந்தாம் கதவில் நின்றார்.

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மூன்றாம் கதவுக்கு எட்டு நாள் என்று சொன்னால் போதும். மலாயில் சொன்னால் அவருக்குப் புரியும். சொன்னால் மூன்றாம் கதவு. சொல்லாவிட்டால் ஐந்தாம் கதவு. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அந்தப் பெட்டை டாக்டருக்கு முன்னால் ஓடியது. அண்டா இருக்கிற பக்கம் போகிறோம் என்று நினைத்தது போல.

இன்று சமைக்கவில்லை. நாய்களுக்கு மட்டும்.

கார்த்திகை 11, சனி

மேகம். காலை எட்டு மணிக்கு ஒரு சீனக் கிழவர். சைக்கிள். கையில் புதுக் கயிறு. பின்னால் கூடையில் தண்டுக்கீரையும் சர்க்கரைவள்ளித் தழையும், வேரில் ஈர மண். ஒன்பதாவது மைலுக்கு உள்ளே காய்கறித் தோட்டமாம்.

"அஞ்சிங் சயா. ஈத்தாம், பூத்தே," என்றார். கறுப்பும் வெள்ளையுமாகத் தன் நாய். போன சனிக்கிழமை இடிக்குப் பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். தோட்டம் தோட்டமாகத் தேடி, நேற்றுப் பொழுதுசாயத்தான் போலீஸ் ஸ்டேஷனில் இங்கே கேட்கச் சொன்னார்களாம். கீரையை முதலிலேயே என் கையில் கொடுத்துவிட்டார். நாயைப் பார்த்துக்கொண்டதற்கு.

கிராணி வந்து சொன்னார். நானில்லை.

கிழவர் புதுக் கயிற்றைச் சுருட்டி சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார். பிறகு, ஏழு நாள் என்றுதானே சொன்னார்கள் என்று கேட்டார். இடம் நிரம்பினால் கோடு அதிகமானது முதலில் என்று கிராணி கதவைக் காட்டினார். ஐந்தாம் கதவில் வேறு நாய். கோடுகளை நான் இன்னும் அழிக்கவில்லை. கிழவர் போய் விரல் வைத்து எண்ணினார். ஆறு. ஒவ்வொரு கதவாக எண்ணிக்கொண்டு வந்தார். மூன்றாம் கதவில் ஐந்து. அவருக்கு எழுத்து தெரியாது போலும், கோடு தெரிந்தது.

"பெத்துல்," என்றார். சரிதான் என்று. தலையாட்டினார். "பெத்துல் லா."

கீரையைத் திருப்பி நீட்டினேன். வாங்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறவில்லை. கயிறு கைப்பிடியில் தொங்கியது.

கார்த்திகை 12, ஞாயிறு

கீரை வாளித் தண்ணீரில் நிற்கிறது. ஆய உட்கார்ந்தேன், எழுந்தேன். சோறும் உப்பும்.

நேற்றும் இன்றும் யாருக்கும் கோடு போடவில்லை. சாக்பீஸைத் தொட முடியவில்லை.

மூன்றாம் கதவு நன்றாகத் தின்கிறது. அதன்மேல் கோபம் வருகிறது. அது என்ன செய்யும்.

கார்த்திகை 13, திங்கள்

கிராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ஏன் பெரியவர் இதை எனக்குச் சொல்லுறியள்? நான் இப்ப என்னத்தை எழுதிறது?"

"அந்த சீனர்கிட்ட சொல்லணும்."

"சொல்லி? நாய் வருமோ?" பதிவுப் புத்தகத்தையும் மூடினார். "நீங்கள் போடுற கோடு நீங்கள் போடுறதுதான். நான் பாக்கேல்லை."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

இன்னும் ஒரு நாய் வந்திருக்கிறது. திரும்பவும் பெட்டி. மூன்றாம் கதவை ஐந்திலேயே நிறுத்தி, மற்ற எல்லாவற்றுக்கும் அதற்கு மேல் இழுத்துவிடலாம். அப்படியானால் நாளைக்கு வேறு எதுவோ. அதற்கும் எங்கேயாவது ஒரு சைக்கிள் இருக்கும்.

எல்லாக் கதவையும் துடைத்தேன். ஆறு கதவுக்கு நாலு நாலு கோடு. ஐந்தாம் கதவில் இருக்கிற புதியதற்கும் நாலு. மூன்றாம் கதவுக்குப் பதினொன்று. ஒரே வரிசையில் இடம் போதவில்லை, இரண்டு வரிசை. போட்டு முடிக்கும்வரை அது கம்பிக்குள்ளிருந்து என் முழங்கையை முகர்ந்துகொண்டே இருந்தது.

கீரையை ஆய்ந்தேன். பாதி மஞ்சள். பூண்டு, சீரகம், ஒரு மிளகாய், தேங்காய்ப்பால். முழுவதும் தின்றேன். எறிய மனமில்லை.

கார்த்திகை 14, செவ்வாய்

மழை. விடிந்ததும் நுரையீரலை நன்றாகக் குழையவிட்டு, பொடியாக நறுக்கி வைத்தேன். டாக்டர் எப்போதும் பத்து மணிக்கு வருபவர். இன்று ஒன்பதுக்கே வந்துவிட்டார். மூன்றாம் கதவு பாதிகூடத் தின்னவில்லை.

கோடுகளைப் பார்த்தார். எண்ணவில்லை.

தின்று முடிக்கட்டும் என்று மலாயில் சொன்னேன். இந்த முறை சத்தம் வந்தது. டாக்டர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். ஒரு துண்டைக் கையில் நீட்டினேன். வாங்கிக் கீழே வைத்தது, என்னைப் பார்த்தது.