பொருந்தாத சுவர்

வெள்ளி, ஆவணி 20



பீங்கான் பொம்மைப் பட்டறை முழுவதும் ஒரே படத்தில் வேண்டும் என்று பட்டறைக்கார அண்ணன் கேட்டிருந்தார். காலையில் ஸ்டாண்டை நகர்த்தாமல் கேமராவை மட்டும் திருப்பித் திருப்பி ஏழு படம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு வரும்படி பார்த்துக்கொண்டேன். மதியம் கம்ப்யூட்டரில் ஒட்டியபோது எல்லாம் சுத்தமாகப் பொருந்தியது. சூளைச் சுவர் மட்டும், இரண்டு படம் சேரும் இடத்தில், விரலளவு விலகி நின்றது. சாஃப்ட்வேர் சொதப்பிவிட்டது என்று திட்டிக்கொண்டே இழுத்து நேராக்கி அனுப்பினேன். "சூப்பரா இருக்குது தம்பி" என்றார்.

இப்போது பழைய படங்களை அழிக்க உட்கார்ந்தேன். ஒட்டுவதற்கு முன் எடுத்த தனிப் படத்திலும் சுவர் அப்படியேதான் விலகி நிற்கிறது. மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. அதன் அடியில்தான் ஆறு பெண்கள் உட்கார்ந்து பொம்மைக்கு வர்ணம் பூசுகிறார்கள்.

உடனே போன் போட்டேன். "அண்ணே, சூளைச் செவுரு வெடிச்சி வெலகி நிக்குதுண்ணே. நாளைக்கு அங்க யாரையும் உக்கார வெக்காதீங்க."

"என்னா தம்பி சொல்ற? நீ அனுப்புன போட்டோவத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். செவுரு நேராத்தான இருக்குது?"